நூற்று நாற்பத்து மூன்று கதிரைகள்

கண்டிக் குளத்தைப் பார்த்த மேட்டில் இருக்கும் மலைநாட்டு மக்கள் மரபு நூதனசாலையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஐந்து மண்டபம், பதினொரு காவலாளி, மூன்று உதவிப் பணிப்பாளர், ஒரு பணிப்பாளர் என்று எல்லாம் அங்கே நிறைவாகவே இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று, காட்சிப்பொருள். யுத்தம் மும்முரமானபோது வாள், விளக்கு, செப்பேடு எல்லாவற்றையும் பெட்டி கட்டிப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பினார்கள். இரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று இடத்தின் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. அதைத் தெரிந்திருந்த ஒரே அதிகாரி ஓய்வு பெற்று அவுஸ்திரேலியாவில் மகளோடு இருந்து, ஒரு நல்ல நாளில் கண்ணையும் மூடிவிட்டார். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பெயர்ச்சீட்டுகள் மட்டும் மிஞ்சின. காவலாளிமார் அந்தச் சீட்டுகளை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ஐரோப்பாவில் எங்கோ ஒரு நிறுவனம் இவர்களுக்குப் பத்துக் கணினியும் ஒரு ஸ்கானரும் அனுப்பியது. பணிப்பாளருக்கு அன்றைக்கே ஞானம் பிறந்துவிட்டது. பொருள்களை நாம் ஏன் தேட வேண்டும்? மக்களே கொண்டுவரட்டும். மக்களே விளக்கமும் எழுதட்டும். மக்களே வந்து பார்க்கட்டும். நாங்கள் சம்பளம் எடுப்போம் என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "உங்கள் நினைவே எங்கள் நூதனசாலை" என்று வானொலியில் மூன்று மொழியிலும் விளம்பரம் போனது.

அம்பிட்டியவில் றீற்றா என்ற விதவையின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த நவரட்ணராஜா அந்த விளம்பரத்தைக் கேட்டார். அவருக்கு வயது அறுபத்தைந்து. முப்பத்திரண்டு வருடம் ஒரு அரசாங்கத் திணைக்களத்தின் பதிவறையில் லிகிதராக இருந்து இளைப்பாறியவர். பிள்ளை குட்டி இல்லை. அவரிடம் இருந்தது ஒரு படம்.

அது அவருடைய மனைவி சிவமணியின் படம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் அவர்கள் இருந்த வீட்டுக் கேற்றடியில், எண்பத்திரண்டாம் ஆண்டு எடுத்தது. சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறாள். படத்தின் ஓரத்தில், கேற்றைப் பிடித்தபடி இன்னொரு கை மட்டும் தெரியும். மூன்று கண்ணாடி வளையல் போட்ட கை. ஆள் யாரென்று நவரட்ணராஜாவுக்கு ஞாபகம் இல்லை. அடுத்த வருடம் ஆடி மாதம் வீட்டைக் கொளுத்தினார்கள். கலியாண அல்பம், தையல் மெஷின், அலுமாரி எல்லாம் போயின. அலுவலக மேசைக் கண்ணாடிக்குக் கீழே அவர் வைத்திருந்ததால் இந்த ஒரு படம் தப்பியது. சிவமணி அவரோடு தப்பி முகாமுக்கும், கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கும் போய், அடுத்த வருடம் காய்ச்சலில் செத்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. அவர் கண்டிக்கே திரும்பி வந்து, அதே கதிரையில் இருந்து, அதே மேசையில் அந்தப் படத்தைப் பார்த்தபடி ஓய்வூதிய வயதுவரை கோப்புக் கட்டினார்.

இப்போது கண்டியில் அவளைத் தெரிந்த ஆள் என்று ஒருவரும் இல்லை. அவரோடு இருந்து அவளைப் பற்றி ஒரு சொல் கதைக்க ஆள் இல்லை. அதுதான் அவரைத் தின்றது. நாலு பேர் பார்க்கட்டும், இப்படியும் ஒருத்தி இருந்தாள் என்று சொல்லட்டும் என்று படத்தைக் கடித உறைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கணினிப் பிரிவில் தாஸிம் என்ற உத்தியோகத்தர் இருந்தார். மடவளைக்காரர், முப்பது வயது, முகத்தில் எப்போதும் மன்னிப்புக் கேட்கிற பாவனை. எட்டுப் பக்கப் படிவத்தைக் கணினியில் திறந்தார்.

"சேர், பொருள் என்த வகைன்டு கேக்குது. மட்பாண்டம், ஆயுதம், ஆபரணம், ஓலைச்சுவடி, ஏனையவை. இவ்வளவுதான் ஈக்கிது."

"இது என்ர மனிசி, தம்பி."

"மனிசின்டு ஒண்டு இதுல இல்ல சேர். ஏனையவைல போடுவமா?"

"போடுங்கோ."

"எத்தின அடி ஆழத்துல கண்டெடுத்தீங்க?"

நவரட்ணராஜா யோசித்தார். உரும்பிராயில் பெண் பார்க்கப் போனபோது அவள் கிணற்றடியில் நின்றது நினைவுக்கு வந்தது. "தரைமட்டம்," என்றார்.

"உடைவு, கீறல், பூஞ்சணம்?"

"இல்லை."

"காலம்?"

"நாப்பத்தெட்டாம் ஆண்டு, தை."

"கி.மு.வா, கி.பி.யான்டு கட்டாயம் போடோணும் சேர். போடாட்டி அடுத்த பக்கம் தொறக்காது."

இப்படியாக சிவமணி 'ஏனையவை 7' ஆனாள். 'பெண், கேற், அடையாளம் காணப்படாத கை' என்று விபரம் பதிவாயிற்று. ஏனைய உடைமைகளுக்கு நேர்ந்த கதி என்ற கட்டத்தில் அவர், "1983 ஆடியில் வீட்டை எரித்தார்கள்" என்று சொல்ல, தாஸிம் அப்படியே பதிந்தார்.

கடைசிப் பக்கத்தில் மூலப்பிரதியா நகலா என்று கேட்டது. நகல் போதும், ஸ்கான் பண்ணிவிட்டுக் கொண்டு போகலாம் என்று தாஸிம் சொன்னார். சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நவரட்ணராஜா முப்பத்திரண்டு வருடம் பதிவறையில் இருந்தவர். நகலோடு வந்த கிழவிகளையும் கர்ப்பிணிகளையும் மூலப்பிரதி எங்கே என்று கேட்டு மழையில் திருப்பி அனுப்பியவர். நகலுக்கு மரியாதை இல்லை என்பது அவருடைய வேதம். "மூலப்பிரதியையே வைச்சுக்கொள்ளுங்கோ. றிசீற் ஒண்டு தாங்கோ, அது போதும்," என்றார். சீல் குத்திய ரசீதைக் கண்டதும் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டவர், அதற்கும் ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த கிழமை போய்த் திரையில் பார்த்தார். சிவமணியின் முகத்துக்கு நட்டநடுவில் நூதனசாலையின் வட்ட முத்திரை விழுந்திருந்தது. திருட்டைத் தடுக்க எல்லாப் படத்துக்கும் நடுவில் முத்திரை விழும்படி செய்திருக்கிறார்களாம். கேற் தெளிவாகத் தெரிந்தது. கை தெளிவாகத் தெரிந்தது. முகத்தில் மட்டும் இரண்டு யானையும் ஒரு தாமரையும் நின்றன. கீழே, ஏனைய உடைமைகள் 'மின்னொழுக்கினால்', அதாவது மின்சாரக் கோளாறினால், அழிந்தன என்று திருத்தப்பட்டிருந்தது.

அவர் நேரே பணிப்பாளரிடம் போனார். பணிப்பாளர் நல்ல மனிதர். கதிரை கொடுத்து, தேநீர் கொடுத்து, இனிய சிங்களத்தில் விளக்கினார்.

"ஐயா, இது நூதனசாலை. நூறு வருடம் ஆகாத எதையும் நாங்கள் வரலாறு என்று ஏற்க முடியாது, அது சட்டம். உங்கள் வீடு எரிந்ததை நான் மறுக்கவில்லை. இரண்டாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு வாருங்கள், அன்றைக்கு நானே கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்கிறேன். அதுவரைக்கும் மின்னொழுக்கு."

"சரி சேர், அப்ப படத்தைத் தாங்கோ. றிசீற் இருக்கு."

"எப்படித் தருவது? ரசீதின் பின்புறத்தில் பதினான்காம் பிரிவைப் பாருங்கள். பொருள் இனி நூதனசாலைக்கும் சொந்தமில்லை, உங்களுக்கும் சொந்தமில்லை. அதைப் பார்த்துக் கருத்து எழுதும் மக்கள் சமூகத்துக்குச் சொந்தம். அதிகாரத்தை நாங்கள் மக்கள் கையில் கொடுத்துவிட்டோம். அதில் கைவைக்க எனக்கே அதிகாரமில்லை."

போதாக்குறைக்கு வெளியே வந்தபோது தாஸிம் இன்னொரு குண்டைப் போட்டார். "சேர், மிச்சம் மன்னிக்கோணும். ரெண்டு கிழமைக்கு ஒருத்தரும் கருத்து எழுதாட்டி அந்தப் பொருளத் தானா அழிச்சிடும். கணினில இடம் போதாதுன்டு செல்றாங்க. மூலப்பிரதியும் அதோட அழிவுக் களஞ்சியத்துக்குப் போயிரும்."

நவரட்ணராஜா அங்கேயே கணினியின் முன் இருந்து, தன் பெயரையும் வயதையும் தொழிலையும் பதிந்து, "இவர் என் மனைவி" என்று எழுதினார். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. இரண்டு கிழமை தப்பியது. அடுத்த முறை எழுதப் போனபோது, ஒருவருக்கு ஒரு கருத்துத்தான், உங்கள் கருத்து ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது என்று கணினி சொல்லிவிட்டது.

வீட்டுக்கார றீற்றாவைக் கெஞ்சினார். "ஒரு வரி எழுதும் பிள்ளை. நல்ல படம் எண்டு எழுதினாலும் காணும்."

"ஐயோ அண்ணை, இந்த நேரத்தில பேரும் விலாசமும் குடுத்து எழுதினா நாளைக்கு வாசலில பொலிஸ் நிக்கும். உங்களுக்குக் கோடி புண்ணியம், என்னை விடுங்கோ."

வேறு யாரிடம் கேட்பது? பஸ்ஸில் தினம் காணும் முகங்கள் உண்டு, தலையாட்டுவார்கள், பெயர் தெரியாது. பதின்மூன்றாம் நாள் காலையில் அவர் கணினிக்கு முன்னால் இருந்து, குண்டசாலையைச் சேர்ந்த லெட்சுமணன், வயது ஐம்பத்தொன்று, தையல்காரர் என்று ஒருவரைப் பெற்றெடுத்தார். லெட்சுமணன் எழுதினார்: "இந்த அம்மா நூலைக் கத்தரியால் வெட்ட மாட்டா, பல்லால்தான் கடிப்பா."

நவரட்ணராஜா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். இருபத்து மூன்று வருடமாக அந்தச் செய்தியை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்க ஆள் இருந்தால்தானே!

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. யசோதா என்ற ஆசிரியை வந்து, சிவமணிக்குக் குரங்கென்றால் பயம், உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டுத் தடியோடு காவல் நிற்பாள் என்று எழுதினார். இருளப்பன் என்ற பஸ் நடத்துநர், மிச்சக் காசை எண்ணாமல் வாங்கும் ஒரே ஆள் இந்த அம்மாதான் என்றார். கலியாணமான மூன்றாம் நாள் தேநீரில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டாள், புருஷன் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தான் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் எழுதினார். மருந்துக்கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு பயலும் கேட்கவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி. ஒவ்வொரு நினைவுக்கும் ஒரு புது ஆள் வேண்டியிருந்தது. ஆள் பொய், நினைவு சத்தியம்.

அவர்களுக்குள் சண்டையும் மூண்டது. கேற்றைப் பிடித்திருக்கும் கை பால்காரியின் கை என்று லெட்சுமணனின் மைத்துனர் ஒருவர் எழுதினார். பால்காரிக்கு வளையல் ஏது, அது தபால் பெண் என்று ஓய்வுபெற்ற தேவராசா என்பவர் பாய்ந்தார். பஸ்ஸில் வரும்போது நவரட்ணராஜா தேவராசாவோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தார். தேவராசா வாய்க்கொழுப்புப் பிடித்தவர், ஆனாலும் மனம் சுத்தம். சில நாள் இராச்சாப்பாட்டின்போது அவரை நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. பாவம் மனுஷன், அப்படியாவது பேச்சுத்துணை கிடைத்ததே.

தாஸிம் எல்லாவற்றையும் கண்டார். "சேர் வந்து போனாத்தான் புது ஆள் எழுதுறாங்க, என்ன சேர்? நான் ஒண்டும் காணல்ல," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

ஒரு வருடத்துக்குள், அவரையும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். மற்றக் காட்சிப்பொருள்களுக்கு வந்த கருத்து மொத்தம் ஒன்பது, அதில் ஐந்து கழிப்பறை எங்கே என்று கேட்டவை. பணிப்பாளர் துள்ளிக் குதித்தார். ஐரோப்பாவுக்கு அறிக்கை பறந்தது. 'ஏனையவை 7' சமூகம் ஒரு உலக அதிசயம் என்று அங்கிருந்து பதில் வந்தது. விருது கொடுக்க ஒரு வெள்ளைக்கார அம்மையார் நேரில் வருகிறாராம். நூற்று நாற்பத்து மூன்று பேரையும் அழைத்து விழா வையுங்கள் என்று கட்டளை.

யுத்த காலம் அல்லவா, நூற்று நாற்பத்து மூன்று தமிழ்ப் பெயர் ஒரே மண்டபத்தில் கூடுவதென்றால் பாதுகாப்பு அனுமதி வேண்டும். பட்டியல் பொலிசுக்குப் போனது. ஒரு காலையில் சார்ஜன்ட் ஒருவர் அம்பிட்டிய வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே றீற்றா செபமாலையை எடுத்துவிட்டாள்.

"இந்த ஆட்களை உமக்குத் தெரியுமா?"

நவரட்ணராஜா மனதுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் போலி ஆள் செய்த வழக்கு. பொய் சொன்னால் இத்தனை பேரோடு தொடர்பு வைத்த வழக்கு. "தெரியும் சேர். நல்ல ஆக்கள். ஒருத்தரும் ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்க மாட்டினம்," என்றார்.

சார்ஜன்ட் மூன்று கிழமை அலைந்து அறிக்கை கொடுத்தார். பட்டியலில் நூற்று நாற்பத்திரண்டு பேர்மீதும் எந்தப் பொலிஸ் நிலையத்திலும் ஒரு முறைப்பாடு இல்லை. சோதனைச் சாவடியில் ஒருமுறையாவது மறிக்கப்பட்டதாகப் பதிவில்லை. முன்மாதிரியான பிரஜைகள். நவரட்ணராஜா என்பவர்மீது மட்டும் எண்பத்து மூன்று ஆடியில் வதிவிடத்தை விட்டு அறிவிக்காமல் வெளியேறியதாக ஒரு குறிப்பு உண்டு, அவரைக் கவனித்துக்கொள்ளவும்.

விழா மண்டபத்தில் நூற்று நாற்பத்து மூன்று கதிரை போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, ஒவ்வொரு கதிரை மேலும் ஒரு கேக் துண்டும் இரண்டு ரோல்ஸும் வைத்த பெட்டி வைத்திருந்தார்கள். நவரட்ணராஜா ஓய்வு பெற்ற நாளில் போட்ட அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். தன் பெயர் ஒட்டிய கதிரையில் இருந்தார். ஒரு பக்கம் லெட்சுமணனின் கதிரை, மறு பக்கம் யசோதாவின் கதிரை. மற்றக் கதிரைகளில் ஒரு ஈ, காக்கை இல்லை. மெய்யாகவே அவர் ஒருகணம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தேவராசாவாவது வந்திருக்கலாம் என்று மனம் நொந்தது.

பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சோதனைச் சாவடிகள் காரணமாகச் சமூகத்தில் நூற்று நாற்பத்திரண்டு பேர் சற்றுத் தாமதமாகிறார்கள். ஆனாலும் அவர்கள் இங்கே இருப்பதை நான் உணர்கிறேன். ஒரு காலத்தில் பொருள் இருந்தால்தான் நூதனசாலை என்றார்கள். நாங்கள் பொருளை விட்டோம். மக்கள் வந்தால்தான் நூதனசாலை என்றார்கள். இன்று அதையும் தாண்டிவிட்டோம். இனி எங்களுக்குக் கணக்கு மட்டும் போதும்!"

அம்மையார் கைதட்டினார். காவலாளிமார் பதினொரு பேரும் தட்டினார்கள்.

நவரட்ணராஜாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். "சேர், ஒருத்தரும் வரமாட்டினம். எல்லாம் நான்தான் எழுதினனான். லெட்சுமணனும் நான்தான், யசோதாவும் நான்தான். எனக்கு விருது வேண்டாம். என்ர மனிசின்ர படத்தைத் தாங்கோ, நான் போறன்."

பணிப்பாளர் இமைக்கவில்லை. ஆங்கிலத்தில் அம்மையாரிடம் திரும்பி, "பாருங்கள், ஒவ்வொரு அங்கத்தவரும் தன்னையே முழுச் சமூகமாக உணர்கிறார்," என்றார். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் அழைத்துப்போய், தோளில் கைபோட்டு, மெல்லச் சொன்னார். "ஐயா, அறிக்கை போய்விட்டது. பொலிசும் விசாரித்து உறுதிப்படுத்திவிட்டது. இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொல்கிறது, இல்லை என்று நீங்கள் ஒருவர் மட்டும் சொல்கிறீர்கள். படம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. சமூகத்தில் எல்லோரும் சம்மதக் கையெழுத்து வைத்து, அடையாள அட்டை நகலும் இணைக்க வேண்டும். நகல்கூட வேண்டாம், உங்களுக்குத் தெரியும்தானே, மூலப்பிரதியாக இருந்தால் நல்லது."

நவரட்ணராஜாவுக்குத் தன் பதிவறை நினைவுக்கு வந்தது. அவர் வாயால் எத்தனை பேருக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்! படம் ஆனை வாயில் போன கரும்பு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மண்டபம் வெறுமையானதும் தாஸிம் ஒரு தாளோடு வந்தார்.

"சேர், விழாவுக்காகப் பழைய கோப்பெல்லாம் கிளீன் பண்ணினேன். கருத்தெல்லாம் சரிபாக்கிற குழு நிராகரிச்ச கருத்து ஒண்டு ஈந்திச்சி. பதினொரு மாசத்துக்கு முந்தி வந்தது. எனக்கு இண்டைக்குத்தான் தெரியும், வல்லாஹி."

நவரட்ணராஜா மூக்குக் கண்ணாடியைப் போட்டார்.

"இந்தப் படத்துல ஓரமா தெரியிற கை என்டதான். அந்த மூணு வளையலும் சிவமணி டீச்சர் பெருநாளைக்கு வாங்கித் தந்தது. நான் சனிக்கிழமைல டீச்சர்ட தையல் படிச்சேன். இந்தப் படம் எடுத்தது எங்கட கூடப் பொறந்த நானா. ரெண்டு கொப்பி கழுவினது, ஒண்டு என்னட்ட இன்னமும் ஈக்கிது, முகமெல்லாம் நல்லாத் தெரியும். வீட்ட எரிச்ச அண்டைக்கு நாங்க ஓடி வந்தோம், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி. மனைவின்டு எழுதினவர்ட விலாசம் இதுல இல்ல, அவரோ டீச்சர்ட வேற ஆக்களோ உயிரோட ஈந்தா இந்தப் படத்தக் குடுக்கோணும். என்ட பேரு"

அதற்கு மேல் பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. எழுதுபவரின் அந்தரங்கத்தைப் பாதுகாப்பது நூதனசாலையின் கொள்கை. கீழே குழுவின் தீர்ப்பு: 'வீடு எரிந்ததாகக் கூறுகிறார். மின்னொழுக்குப் பற்றி அறியாதவர். சமூகத்தின் ஏனைய உண்மையான அங்கத்தவர் எவரும் இவரைக் குறிப்பிடவில்லை. போலி.'

"கணினில பாருங்கோ தம்பி, பேர் இருக்கும்."

"நிராகரிச்சதும் தானா அழிச்சிடும் சேர். உங்களுக்கு ஞாபகம் இல்லியா, அந்தப் புள்ள யாருன்டு?"

நவரட்ணராஜா கண்ணை மூடி யோசித்தார். சனிக்கிழமைகளில் வீட்டு முன்னறையில் பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகள் இருப்பார்கள். அவர் பேப்பரை விரித்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். ஒரு பிள்ளையின் முகத்தையாவது அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. சிவமணியைப் பற்றி இத்தனை கதை தெரிந்தவருக்கு, அவள் வளையல் வாங்கிக் கொடுத்த பிள்ளையின் பெயர் தெரியவில்லை. மடவளையோ அக்குறணையோ, இந்தக் கண்டிக்குள் எங்கோ ஒரு வீட்டில், முத்திரை விழாத முகத்தோடு சிவமணி இருக்கிறாள். தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரசாங்க மை, நல்ல கறுப்பு.

"அவ திரும்பவும் வந்து பாத்தாலும் பாப்பா, என்ன தம்பி?"

"இன்ஷா அல்லாஹ், சேர். கணினிய இன்னும் மூடல்ல. எழுதுங்க."

அவர் இருந்தார். பெயரைப் பதிந்தார். நவரட்ணராஜா, உங்கள் கருத்து ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது என்றது கணினி. அந்த ஒரு கருத்தையும் அவர் போன வருடமே செலவழித்துவிட்டாரே! வேறு ஆளாக மாறினால்தான் தான் இருப்பதைச் சொல்ல முடியும். லெட்சுமணனை நினைத்தார், தேவராசாவை நினைத்தார். எல்லோரும் எழுதி முடித்தவர்கள். புதிதாக ஒருவரைச் செய்ய அன்றைக்கு அவருக்குத் தெம்பில்லை.

பிறகு விசைப்பலகையில் அடித்தார். பெயர், சிவமணி நவரட்ணராஜா. வயது, முப்பத்தாறு. தொழில், தையல் ஆசிரியை. கருத்து: "பிள்ளை, அவர் உயிரோடதான் இருக்கிறார். அம்பிட்டியவில், றீற்றாவின் வீட்டுப் பின்னறையில் தனிய இருக்கிறார். படத்தை அவரிடம் குடு."

நன்றி சிவமணி, உங்கள் கருத்து குழுவின் பரிசீலனையில் உள்ளது என்று திரையில் வந்தது.

தாஸிம் வேறு பக்கம் பார்த்தபடி தொண்டையைச் செருமினார். "சேர், குழு இனி அடுத்த வருஷம்தான் கூடும்."

"பரவாயில்லைத் தம்பி," என்று நவரட்ணராஜா கோட்டுப் பித்தானைப் பூட்டினார். "நான் வீட்டிலதான் இருப்பன்."